குடியிருப்போர் நலச் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை (கரும்பலகை பற்றிய விளக்கத்துடன்)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, துணைத் தலைவர், பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வராத உறுப்பினர்களின் சார்பில் வந்திருக்கும் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

பாளையங்கோட்டையில் நம் தெருக்கள் நான்கையும் சேர்ந்த 84 வீடுகளின் சங்க அறிக்கையை, 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரைக்குமாக, செயலாளர் என்ற முறையில் தங்கள் முன் வைக்கிறேன்.

இந்த ஆண்டில் செயற்குழு ஒன்பது முறை கூடியது. தெருவிளக்கு பதினொன்று மாற்றப்பட்டது. கொசு மருந்து இரண்டு முறை அடிக்கப்பட்டது. மூன்றாம் தெரு வாறுகால் தூர்வாரப்பட்டது, மறுபடியும் அடைத்துக்கொண்டது. சுதந்திர தினம், குடியரசு தினம் இரண்டுக்கும் கொடி ஏற்றி மிட்டாய் வழங்கினோம். நாய்கள் விஷயம் நிலுவையில் இருக்கிறது.

சென்ற ஆண்டுப் பொதுக்குழுவுக்கு 84 உறுப்பினர்களில் 19 பேர் வந்தார்கள். போண்டா வந்த பிறகு எண்ணியபோது 27. இதைக் குறையாகச் சொல்லவில்லை, பதிவேட்டில் இருப்பதைச் சொல்கிறேன்.

இனி கரும்பலகை. இது குறித்து எழுத்துமூலம் இரண்டு புகாரும், வாய்மொழியாகப் பலவும் வந்திருப்பதால் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டும்.

மேல்நிலைத் தொட்டிச் சுவரில், வேப்பமரத்துக்கு எதிரே உள்ள அந்தப் பலகையில் ஏழு வருடமாகச் சந்தா பாக்கிதாரர் பட்டியல்தான் இருந்து வந்தது. ஏழு வருடத்தில் மழை அழித்த பெயர்கள் உண்டு. பணம் கட்டி அழிந்த பெயர்கள் இரண்டே இரண்டு. அதில் ஒருவர் வீட்டை விற்றுவிட்டுப் போனவர். 2023 டிசம்பர் வெள்ளத்தில் பலகையின் கீழ்ப்பாதி உப்பி, பட்டியலும் பாதி போய்விட்டது. மிச்சப் பாதியில் பெயர் தப்பாமல் நின்றவர்கள், மற்றவர்களின் பெயரையும் திரும்ப எழுதச் சொல்லி என்னிடம் சண்டைக்கு வந்தார்கள்.

2024 மே மாத விடுமுறையில் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் தொட்டி நிழலில் ஆளுக்கொரு செல்போனோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் சும்மா இருக்கமாட்டாமல், பட்டியலுக்குக் கீழே இருந்த இடத்தில் 'கிளிக்கு மிளகாய் காரம் தெரியாது' என்று எழுதினேன். அவ்வளவுதான் ஆரம்பம்.

அடுத்த நாள் காலையில் இரண்டாம் தெருப் பையன் ஒருவன் கொய்யா மரத்தில் ஒரு பச்சை மிளகாயைக் கட்டித் தொங்கவிட்டு, கிளி வந்து கொத்துவதைப் பார்த்துவிட்டு, தானும் ஒன்றைக் கடித்துவிட்டான். அவன் அம்மா என் வீட்டு வாசலுக்கு வந்து கேட்ட கேள்விகளை இங்கே சொல்ல இயலாது. ஆனால் பையன் அழுகை நின்றதும் கேட்டான்: "கிளிக்கு மட்டும் ஏன் தாத்தா எரியல?" மிளகாயின் காரத்தை உணரும் அமைப்பு நம் நாக்கில் வேலை செய்கிற மாதிரி பறவைக்கு வேலை செய்யாது. மிளகாய்ச் செடிக்கும் அதில் லாபம் உண்டு. நாம் விதையை மென்று பாழாக்குகிறோம், பறவைகளில் பல அப்படியே விழுங்கி வேறோர் இடத்தில் போட்டுவிட்டுப் போகும். இதை அவனிடம் சொன்னேன். மறுநாள் அவன் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். அன்றைக்குத்தான் பட்டியலை முழுக்க அழித்தேன். செயற்குழுவைக் கேட்காமல் அழித்தேன் என்பது உண்மை. அந்த வாரச் செயற்குழுவுக்கு வந்தது நானும் பொருளாளரும் மட்டும் என்பதும் உண்மை.

அன்று முதல் ஞாயிறு தவிர தினம் ஒரு பறவை. எழுதுவது காலை ஆறரைக்கு. ஏழேகாலுக்குப் பள்ளிக்கூட வேன் வருவதற்குள் பிள்ளைகள் நின்று உரக்க வாசித்துவிட்டுப் போவார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எழுத்துக் கூட்டி வாசிப்பது நாலாம் தெரு வரை கேட்கிறது என்று சிலர் சொல்கிறார்கள். கேட்கட்டும்.

தவறும் நடந்தது, ஒளிக்கவில்லை. ஜூலையில், நெருப்புக்கோழி ஆபத்து வந்தால் மண்ணில் தலையைப் புதைத்துக்கொள்ளும் என்று எழுதிவிட்டேன். சின்ன வயதில் வாத்தியார் சொன்னது. நாலாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் பிள்ளை பையைக் கீழே வைத்துவிட்டு, "புதைச்சா மூச்சு எப்படித் தாத்தா விடும்?" என்றாள். பதில் இல்லை. மாவட்ட மைய நூலகத்தில் போய்த் தேடினால், அவள் சொன்னதுதான் சரி. அது தரையில் குழி பறித்து முட்டையிடுகிறது. குனிந்து அலகால் முட்டையைப் புரட்டிவிடும்போது தூரத்திலிருந்து பார்ப்பவனுக்குத் தலை மண்ணுக்குள் இருப்பதாகத் தோன்றும். ஒரு முட்டை சுமார் 1.4 கிலோ, இரண்டு டஜன் கோழிமுட்டைக்குச் சமம். கண், மூளையைவிடப் பெரியது. மறுநாள் 'நேற்று எழுதியது தவறு, செயலாளர் வருந்துகிறார்' என்று பலகையிலேயே எழுதினேன். இந்தச் சங்கத்தில் பொறுப்பில் இருக்கும் ஒருவர் எழுத்துமூலம் வருத்தம் தெரிவித்தது எனக்குத் தெரிந்து அதுவே முதல் தடவை.

ஆகஸ்டில் அலைகடல் ஆல்பட்ராஸ் என்ற கடற்பறவை. இறக்கை விரித்தால் நுனிக்கு நுனி மூன்றரை மீட்டர் வரை இருக்கும் என்று எழுதினால் பிள்ளைகளுக்குப் புரியவில்லை. தையற்கார அக்காவிடம் நாடா வாங்கி வந்து, சாக்பீஸால் தெருவில் வரையத் தொடங்கினோம். ஒரு பக்கம் இறக்கை சாக்கடை மூடி வரை வந்தது. இன்னொரு பக்கம் வளைந்து வளைந்து, நின்றிருந்த ஒரு காருக்கு அடியில் போய்விட்டது. ஒரு பையன் காருக்கடியில் படுத்து நுனி இறகை வரைந்து முடித்தான். பக்கத்திலேயே, கியூபாவில் இருக்கிற தேனீ ரீங்காரச்சிட்டையும் வரைந்தோம். நீளம் ஆறு சென்டிமீட்டருக்குள். எடை இரண்டு கிராம், அதாவது ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் குறைவு. எல்லாரும் ஒரு ரூபாயைக் கையில் வைத்து வைத்துப் பார்த்தார்கள். அந்த ரூபாய் திரும்ப வரவில்லை, அதை நான் கணக்கில் எழுதவும் இல்லை.

முதல் எழுத்துப் புகார் அந்தக் கார் உரிமையாளருடையது. ஆனால் அவருடைய கோபம் இறக்கையால் வந்ததல்ல. பறவை எச்சத்தில் வெள்ளையாக இருப்பதுதான் அதன் மூத்திரம், கருப்பாக இருப்பதுதான் மலம் என்று எழுதியிருந்தேன். வேப்பமரத்தடியில் நின்ற காரைச் சுற்றி நின்று பிள்ளைகள் எது எது என்று பிரித்துக் காட்டிச் சத்தம் போட்டிருக்கிறார்கள். மரத்தை வெட்ட வேண்டும் என்பது அவர் கோரிக்கை. காரை நகர்த்தலாம் என்பது செயற்குழுவின் பதில்.

இரண்டாவது புகார், கூண்டில் கிளி வளர்த்த ஓர் உறுப்பினருடையது. நம்மூர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்று எழுதினேன், யார் பெயரையும் எழுதவில்லை. தன் பேரனே காலையில் அதை வாசலில் நின்று வாசித்துக் காட்டினான் என்கிறார். அன்றிலிருந்து சந்தாவை நிறுத்திவிட்டார். அதற்கு முந்தைய பதினாறு மாதம் எதற்காக நிறுத்தியிருந்தார் என்று தெரியவில்லை.

நல்ல பெயரும் வந்தது. ஆஸ்திரேலியாவில் 1932-இல் பயிரை அழித்த ஈமுக்களை ஒடுக்க ராணுவம் இயந்திரத் துப்பாக்கியோடு போய், முடியாமல் திரும்பிய கதையை எழுதிய அன்று, ஒரு காலத்தில் ஈமு வளர்ப்பில் பணம் போட்ட நம் உறுப்பினர் ஒருவர் வெகுநேரம் பலகை முன்னால் நின்றார். "பட்டாளத்தாலேயே முடியலயா சார்? அப்ப நான் எம்மாத்திரம்" என்று சிரித்தார். அந்தப் பணம் போனதிலிருந்து அவர் தெருவில் நின்று சிரித்து நான் பார்த்ததில்லை.

டிசம்பரில், விஸ்டம் என்று பெயரிட்ட லேசன் ஆல்பட்ராஸ் பற்றிய செய்தி வந்தது. பசிபிக் நடுவே மிட்வே தீவில் 1956-இல் அதன் காலில் வளையம் மாட்டினார்கள். கணக்குப்படி குறைந்தது 74 வயது, இன்னும் முட்டையிட்டிருக்கிறது. முதல் தெரு ஆச்சி கொள்ளுப்பேரனை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "எழுவத்தி நாலு வயசுலயா? அவளுக்கு எப்பதான் ஓய்வாம்?" என்றார்கள். மறுவாரம் பேரரசப் பெங்குவின் எழுதினேன். அண்டார்டிகாக் குளிரில் முட்டையைக் காலின்மேல் வைத்து இரண்டு மாதத்துக்கும் மேல் சாப்பிடாமல் அடைகாப்பது தகப்பன், தாய் கடலுக்குப் போய்விடும். அன்று மட்டும் தாய்மார்கள் பலகையைப் படமெடுத்துக்கொண்டு போனார்கள். எந்தக் குழுவில் போட்டார்களோ, அன்று மாலை ஆண்கள் யாரும் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

பொங்கலுக்குத் தமிழ்நாடு முழுவதும் நடக்கிற பறவைக் கணக்கெடுப்பில் நம் பிள்ளைகள் ஒன்பது பேர் சேர்ந்தார்கள். குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று எண்ண வேண்டும். நம் தொட்டியடிப் பட்டியலில் காகம் 31, புறா 12, மைனா 6, குயில் 2. அந்தக் குயில் இரண்டில் கறுப்பு ஆண், புள்ளிபோட்டது பெண், கூவுவது ஆண் என்று பிரித்து எழுதியிருந்தார்கள். நான் சொல்லிக்கொடுத்ததல்ல, அவர்களாகப் பார்த்தது.

பிப்ரவரி 2 ஞாயிற்றுக்கிழமை கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போனோம். நாற்பது கிலோமீட்டருக்குள் இருக்கிற இடம், நம் உறுப்பினர்களில் பாதிப் பேர் போனதில்லை. வேன் வாடகையில் பாதியைத் தருவதாக இரண்டு பேர் பொதுவில் சொல்லியிருந்தார்கள். அன்று காலை இருவர் போனும் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. போகட்டும். சங்குவளை நாரைகள் ஊருக்குள்ளேயே, வீட்டு வாசல் மரங்களிலேயே கூடு கட்டியிருந்தன. அந்த ஊர்க்காரர்கள் பறவைகளுக்காகப் பட்டாசு வெடிப்பதில்லை. குளக்கரையில் வரித்தலை வாத்துக்கூட்டம் ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. வெள்ளைத் தலையில் குறுக்கே இரண்டு கறுப்புக் கோடு, மசியில் விரலைத் தோய்த்து இழுத்தது போல. மங்கோலியா, திபெத் பக்கமிருந்து இமயமலையைத் தாண்டி வருபவை. 7,000 மீட்டருக்கும் மேலே பறந்ததைக் கருவி பொருத்திப் பதிந்திருக்கிறார்கள். காற்று மெலிந்த அந்த உயரத்திலும் ஆக்சிஜனை விடாமல் பற்றிக்கொள்ளும் ரத்தம் அதற்கு. நெருப்புக்கோழிப் பிள்ளை என் கையிலிருந்த பைனாகுலரைத் திருப்பித் தரவே இல்லை. கடைசியில், "இது இங்க வந்து இந்தப் புல்லத்தான் திங்குதா? இதுக்கா இவ்வளவு தூரம்?" என்றாள். ஆமாம் என்றேன்.

தூரம் என்றதும் ஒன்று. 2022 அக்டோபரில், பிறந்து ஐந்தே மாதமான பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டர், 11 நாள், எங்கும் இறங்காமல், ஒரு வாய் இரை எடுக்காமல் பறந்துபோய்ச் சேர்ந்தது. நாலாம் தெருவிலிருந்து இந்தத் தொட்டியடிக்கு 200 மீட்டர். வேறொன்றும் சொல்லவில்லை.

வரவு செலவு: சந்தா வசூல் எழுபத்தோராயிரத்துச் சொச்சம். நன்கொடை ஐயாயிரம். செலவு ஏறக்குறைய அதே அளவு, மீதி வங்கியில் இருக்கிறது. தணிக்கை செய்பவர் மகள் பிரசவத்துக்காக வெளியூர் போயிருப்பதால் முழு விவரத்தைப் பொருளாளர் பிறகு சுற்றுக்கு விடுவார். 'இதர செலவு' என்ன என்று கேட்டவர்களுக்கு: பலகைக்குக் கறுப்பு வர்ணம், சாக்பீஸ், துடைக்கும் துணி எல்லாம் சேர்த்து ஓர் ஆண்டுக்கு ரூ.2,180. கூந்தன்குளம் வேன் ரூ.4,500, அதில் சங்கப் பணம் ஒரு பைசா இல்லை. யாருடைய பணம் என்பதைச் சொல்லிக்காட்ட விரும்பவில்லை, என் மனைவிக்குத் தெரியும். சந்தா மாதம் நூறு ரூபாய். 29 வீடுகளில் பாக்கி.

பட்டியலை அழித்ததால்தான் பாக்கி ஏறியது என்கிறார்கள். பட்டியல் இருந்த கடைசி ஆண்டில் பாக்கி 28 வீடு. ஒரு வீடு கூடியதற்கு நான் பொறுப்பேற்கிறேன். அது கிளிக்கூண்டு வீடு அல்ல, அது முன்பே இருந்தது.

தலைவர் அவர்களுக்கும், ஒத்துழைத்த செயற்குழுவுக்கும், தண்ணீர் திறந்துவிடும் தம்பிக்கும், நாடா கொடுத்த தையற்கார அக்காவுக்கும், இடம் கொடுத்தவர்களுக்கும், போண்டா போட்டுத் தந்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பற்றி. எனக்கு முழங்கால் வலி. செயலாளர் பொறுப்பை யார் ஏற்க முன்வந்தாலும் சாவிக்கொத்தையும் பதிவேடுகளையும் இன்றே ஒப்படைக்கத் தயார். சாக்பீஸ் டப்பாவை மட்டும் பிறகு பேசிக்கொள்ளலாம். யாரும் முன்வராத பட்சத்தில், துணைத் தலைவர் சொன்ன ஒரு யோசனையைச் செயற்குழு ஏற்றிருக்கிறது: பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்திலிருந்து பலகையின் இடப்பக்கம் பறவை, வலப்பக்கம் பழையபடி பாக்கிப் பட்டியல், கதவு எண்ணும் பெயரும் பெரிய எழுத்தில். பிள்ளைகள் தினமும் ஏழேகாலுக்குள் வந்து பலகையில் உள்ள எல்லாவற்றையும் எழுத்துக் கூட்டி உரக்க வாசிப்பார்கள் என்பதையும், அது நாலாம் தெரு வரை கேட்கும் என்பதையும் உறுப்பினர்கள் கவனத்தில் கொள்ள வேண்டுகிறேன். மே மாதம் 31-ஆம் தேதி வரை பொருளாளர் மாலை ஆறு முதல் எட்டு வரை வீட்டில் இருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்
பாளையங்கோட்டை, 27.04.2025