ஜெனிஷா மறுபடி எழுதட்டும்

நாகர்கோவில்

அன்புள்ள மக்கா சேவியர்,

அம்மாவுக்கு முட்டுவலி குறைந்ததா? இங்கே எல்லாரும் சுகம். டேனியல் தக்கலையில் வீடு கட்டி முடித்துவிட்டான். பால்காய்ப்புக்கு நீ வராவிட்டால் அந்தப் புளியமரக் கதையை ஊரெல்லாம் சொல்லிவிடுவான், பார்த்துக்கொள்.

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன். உன் மகள் ஜெனிஷா கிளாட் தேர்வில், அதாவது தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர எழுதும் நுழைவுத் தேர்வில், 59.5 மார்க் வாங்கியதற்கு, ‘பிள்ளைக்குச் சட்டம் சரிப்படாது’ என்று எழுதியிருக்கிறாய். வாசித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. 120 கேள்வியில் 112 குறித்திருக்கிறாள். சரி 70, தப்பு 42. தப்பு ஒன்றுக்குக் கால் மார்க் வீதம் பத்தரை மார்க் போய்விட்டது. 70 கேள்விக்குச் சரியாக விடை குறித்த பிள்ளை அவள். அந்த 42 எதனால் தப்பானது என்று யாராவது உட்கார்ந்து பார்த்தீர்களா?

புதிதாகப் புத்தகம் எதுவும் வாங்காதே. 2020-லிருந்து இந்தத் தேர்வு முழுக்கப் பாராவை வாசித்து விடை சொல்லும் முறைக்கு மாறிவிட்டது. அதற்கு முந்திய தாள்களில் நேரத்தைக் கரைக்க வேண்டாம். 2024 சேர்க்கைக்கான தேர்விலிருந்துதான் 150 கேள்வி 120 ஆனது. நேரம் அதே 2 மணி. ஆக, கேள்விக்கு ஒரு நிமிஷம், வாசிப்பும் அதற்குள்ளேயே.

முதல் வேலை, தப்பான 42-ஐயும் ஒரு நோட்டில் எழுதி, பக்கத்தில் காரணத்தையும் எழுதுவது. தெரியாமல் போனதா, பாராவைத் தவறாக வாசித்ததா, இரண்டு விடையில் மாட்டிக்கொண்டதா, கடைசி நேரத்தில் கண்ணை மூடிக் குறித்ததா? நாலு விடையில் இரண்டைத் தள்ள முடிந்தால் துணிந்து குறிக்கலாம். ஒன்றையும் தள்ள முடியாவிட்டால் விட்டுவிட வேண்டும்.

வடசேரியில் நாலு பிள்ளைகள் சனிக்கிழமைதோறும் கூடிப் படிக்கிறார்கள், ஜெனிஷாவையும் அதில் சேர்த்துவிடு. கூடிப் படிப்பது என்றால் கூடி எழுதுவது இல்லை, கேட்டியா? வாட்சை வைத்துத் தனித்தனியாக முழுத் தாளையும் எழுத வேண்டும். பிறகு விடைப்பட்டியலைத் திறக்காமலே, விடை மாறுபட்ட கேள்விகளை மட்டும் எடுத்து வாதாட வேண்டும். பட்டியலை முதலில் பார்த்துவிட்டால் எல்லாருக்கும் எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். அடுத்த தாளில் அதே தப்பு வரும். தன் விடை ஏன் சரி என்பதோடு, மற்ற மூன்றும் ஏன் தப்பு என்றும் சொல்லியாக வேண்டும்.

சட்டப் பகுதிக்கு இதை விட்டால் வேறு வழி இல்லை. அதில் 28 முதல் 32 கேள்வி வரும். முன்கூட்டிச் சட்டம் படித்திருக்கத் தேவையில்லை, பாராவில் தந்த விதியை நடந்ததோடு பொருத்தினால் போதும். பிள்ளைகளோ மனசுக்கு நியாயமாகப் படுவதைக் குறித்துவிடுகிறார்கள். குளச்சலில் 17 வயசுப் பையன் ஒருவன் தனக்கு 19 என்று சொல்லி, வள்ளத்துக்குக் கடனில் எஞ்சின் வாங்குகிறான் என்று வை. மைனர், அதாவது 18 வயசு நிரம்பாதவர், செய்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது, வயசைப் பொய் சொன்னாலும் செல்லாது என்று பாரா சொல்கிறது. ஒப்பந்தப்படி பாக்கிப் பணத்தைக் கடைக்காரர் வசூலிக்கலாமா? ‘ஏமாற்றினானே, கொடுக்கத்தானே வேணும்’ என்று ஒருத்தி சொல்லுவாள். எந்த வரியில் அப்படி இருக்கிறது என்று இன்னொருவன் கேட்பான். தேடினால் அந்த வரி இருக்காது. மைனர் ஒப்பந்தம் செல்லாது என்று 1903-லேயே மோகரி பீபி வழக்கில், வெள்ளைக்காரன் காலத்தில் கடைசி அப்பீலை விசாரித்த லண்டன் பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. ஆனால் அது தெரியாமலே பாராவை வைத்து விடை சொல்லலாம். எஞ்சினைத் திருப்பிக் கேட்கலாமா என்பது வேறு கேள்வி, அதற்குப் பாராவில் வேறு வரி வேண்டும். இந்த இடத்தில்தான் பிள்ளைகளுக்குச் சட்டம் பிடித்துப்போகிறது மக்கா.

நடப்புச் செய்தியிலும் 28 முதல் 32 கேள்வி. நீதிமன்றம், நாடாளுமன்றம், வெளிநாடு, பொருளாதாரம் என்று ஆளுக்கு ஒன்றாகப் பிரித்து, வாரம் அரைப் பக்கம் எழுதி, மற்றவர்களிடம் கேள்வி கேட்க வேண்டும். கணக்கு 10 முதல் 14 கேள்விதான், பத்தாம் வகுப்புச் சதவீதமும் விகிதமும். அதைக் கடைசியில் வைத்து நேரமில்லாமல் விடுவதுதான் பெரிய நஷ்டம். 15 நிமிஷத்தை முதலிலேயே ஒதுக்கச் சொல். விடைக்கான வட்டத்தைக் கறுப்பாக்கும் ஓஎம்ஆர் தாளை ஒவ்வொரு பாரா முடிந்ததும் நிரப்ப வேண்டும். கடைசியில் மொத்தமாக நிரப்பினால் ஒரு வரிசை தவறி எல்லாமே மாறிப்போகும்.

வயசு வரம்பு கிடையாது, அடுத்த டிசம்பரில் தாராளமாக எழுதலாம். திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரிக்குப் பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் சேர்க்கை. அதற்கும் விண்ணப்பம் போட்டு வை. அந்த 59.5-ஐ மட்டும் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிக் காட்டாதே. தோல்வியை விட அப்பா முகம் சுளிப்பதுதான் இந்தப் பிள்ளைகளை உடைக்கிறது.

சனிக்கிழமை காலையில் மார்த்தாண்டத்திலிருந்து வடசேரி பஸ்ஸில் ஏற்றிவிடு. வினாத்தாளையும் அவள் குறித்த விடைகளையும் கொடுத்து அனுப்பு. அதுவரை புதுத் தாள் எதையும் தொட வேண்டாம்.

அன்புடன்,
ராஜன்