படத்தின் முதுகு

லண்டன்
மார்ச் 14

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அம்மையிடமும் சித்தியிடமும் சொல்லு. குளிர் விடுகிற மாதிரி இருக்கிறது, ஆனால் ஹீட்டரை இன்னும் அணைக்கவில்லை. அந்த ஹீட்டருக்கும் ஊரில் கண்காட்சி வைக்க நீ வரையும் படங்களுக்கும் சம்பந்தம் உண்டு, பின்னால் வருகிறேன்.

நீ கேட்ட கண்காட்சி சுவரில் ஏறிவிட்டது. மொத்தம் 19 படம், எல்லாம் மனித உருவம். கரித்துண்டு, அக்ரிலிக், எண்ணெய்ச் சாயக் குச்சி, தாள், பழந்துணி, மணல் எல்லாம் ஒரே பரப்பில். போட்டோ அனுப்பு என்கிறாய். அனுப்பினால் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு, மறுநாளே அதே மாதிரி பூச ஆரம்பிப்பாய். எனக்கு உன்னைத் தெரியும். அதனால் மாட்டும்போது பக்கத்தில் நின்று பார்த்ததை, முக்கியமாக முதுகுப்புறத்தை, எழுதுகிறேன்.

ஒரு படம் 150க்கு 120 செ.மீ. ஒரு கிழவி உட்கார்ந்திருக்கிறாள். முகத்தில் ஒரு கண்ணும் தாடையும்தான் மிச்சம், மற்றதெல்லாம் தேய்த்து அழித்தது. வலது கையை ஓவியர் நாலு தடவை வரைந்திருக்கிறார். முதல் மூன்றையும் துணியால் தட்டிவிட்டிருக்கிறார், ஆனால் முழுசாகப் போகவில்லை. சாம்பலாக மூன்று பழைய கைகள், அவற்றின் மேல் அழுத்தமாக ஒரு கை முழங்காலைப் பிடித்திருக்கிறது. கொஞ்ச நேரம் நின்றால் அந்தக் கை நடுங்குகிற மாதிரியே இருக்கும். அண்டி ஆபீஸில், அதாவது முந்திரித் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்களை வரையப் போகிறேன் என்றாயே, கொட்டை எண்ணெய் பட்டுக் கருத்த அந்த விரல்களுக்கு இந்த வழி பொருந்தும். கறுப்புச் சாயத்தை அப்பினால் அது கையுறை மாட்டின கை மாதிரி ஆகிவிடும்.

ஆனால் நாலு கையும் தெளிவாக நிற்பதற்குக் காரணம் அடிப்பூச்சு. ஜெஸ்ஸோ என்கிற வெள்ளை அடிச்சாயத்தை இரண்டு தடவை பூசி, மூன்றாவது பூச்சில் கொஞ்சம் மார்பிள் பொடி கலந்து, உப்புத்தாள் போடாமல் விட்டிருக்கிறார். சொரசொரப்பு இருந்தால்தான் கரி பிடிக்கும். வரைந்ததும் ஊதித் தட்டிவிட்டு, ஒரு முழம் தள்ளி நின்று கரியை உதிராமல் நிறுத்தும் பிக்சட்டிவ் தெளிப்பை லேசாக இரண்டு மூன்று தடவை அடிக்க வேண்டும், திறந்த வெளியில். அது காய்ந்த பிறகு தண்ணீர் கலந்த மேட் மீடியம், அதாவது நிறமில்லாத பளபளக்காத அக்ரிலிக், ஒரு பூச்சு. இதைச் செய்யாமல் ஈர அக்ரிலிக் தூரிகையைக் கரியின் மேல் வைத்தால் எல்லாம் கலங்கி அடுப்புச் சாம்பல் நிறமாகிவிடும். உன் பழைய படம் இரண்டில் ஆனது அதுதான்.

வரிசை மாறக் கூடாது. கீழே தண்ணீர்ச் சரக்கு, மேலே எண்ணெய்ச் சரக்கு. காய்ந்த அக்ரிலிக் மேல் எண்ணெய் நிற்கும். எண்ணெய் மேல் அக்ரிலிக் போட்டால் பிடிமானம் இல்லாமல் தோல் உரிகிற மாதிரி உரியும், இன்றில்லாவிட்டால் ரெண்டு வருஷம் கழித்து. எண்ணெய்க் குச்சிக் கோடு கடைசியில்தான். அது ஆடை கட்டிக் காயும், ஒரு வாரம் தொடாதே. ஆயில் பாஸ்டல் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருப்பது வேறு, அது எப்போதும் காயாது, கண்ணாடி போட்டே ஆக வேண்டும். தார் வேண்டவே வேண்டாம். உருகினால் பளபளவென்று அழகாக இருக்கும், ஆனால் சரியாக இறுகாது, மேலே உள்ள சாயத்தை இழுத்துப் பிளந்துவிடும். ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படங்கள் பல இதனால் முதலைத் தோலாகிப் போயின.

தாள் ஒட்டுவதில் எல்லாரும் செய்யும் தப்பு, பசையை ஒரு பக்கம் மட்டும் தடவுவது. தாள் நனைந்தால் விரியும். அதனால் தாளின் பின்புறமும் பலகையும் இரண்டும் ஈரமாக இருக்க வேண்டும். நடுவிலிருந்து ஓரத்துக்கு உருளையால் தள்ளு, பிறகு மேலேயும் ஒரு கை மீடியம். ஆசாரியின் வெள்ளை மரப்பசை மலிவுதான், ஆனால் ஈரக் காற்றில் இளகும். அக்ரிலிக் மீடியமே பசையாக இருக்கட்டும். தினத்தாளை ஒட்டினால் ஒரு வருஷத்தில் பழுப்பாகும். அந்தப் பழுப்பே வேண்டும் என்றால் ஒட்டு, இல்லாவிட்டால் பருத்தித் தாளில் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டு. இங்க்ஜெட் பிரிண்ட் கரைந்து ஓடும்.

அந்தக் கிழவியின் மடி பழந்துணி. கிழித்த கிழிசல் அப்படியே இருக்கிறது, மேலே மணல். மணல் ஒரு பங்குக்கு ஜெல் மீடியம் இரண்டு பங்கு, ஒரு தடவைக்கு 3 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. அதிகமானால் காய்ந்த குளத்து மண் மாதிரி வெடிக்கும். ஓவியர் பிரான்சிஸ் பேக்கன் தன் பட்டறைத் தரைத் தூசியையே ஈரச் சாயத்தில் ஒட்டி, 1945இல் வரைந்த ஒரு படத்தில் சாம்பல் நிற கோட் சட்டையை அதனால்தான் கொண்டுவந்தார். அது இங்கே டேட் அருங்காட்சியகச் சேகரிப்பில் இருக்கிறது. நமக்குத் தூசிக்கும் மணலுக்கும் பஞ்சமா?

பஞ்சமில்லை, ஆனால் ஜாக்கிரதை. கடல் மணலை நல்ல தண்ணீரில் ஐந்தாறு தடவை அலசு. உப்பு மிச்சமிருந்தால் மழையில் ஈரத்தை இழுக்கும், வெயிலில் வெள்ளையாகப் பூக்கும், பூக்கும்போது சாயத்தையும் தள்ளிவிடும். மணவாளக்குறிச்சிக் கருமணல் மின்னுகிறதே என்று அள்ளாதே. அதில் மோனசைட் இருக்கிறது, மோனசைட்டில் தோரியம். உப்புத்தாள் போடும்போது கிளம்பும் தூசி நெஞ்சுக்குள் போக வேண்டாம். அதே மணலில் உள்ள இல்மனைட்தான் டைட்டானியம் வெள்ளைக்குக் கச்சாப் பொருள். இங்கே டியூபைப் பிதுக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கடற்கரை நினைவு வரும்.

தென்னம் பன்னாடை ஒட்டலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக. பின்னல் துணி மாதிரியே இருக்கும், இங்கே யாரிடமும் இல்லாத சரக்கு. கொதிக்கும் நீரில் போட்டெடுத்து, நிழலில் நன்றாக உலர்த்தி, பாலிதீனில் கட்டி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வை. பூச்சியும் முட்டையும் சாகும். பிறகு இருபுறமும் மீடியம் பூசித்தான் ஒட்ட வேண்டும்.

இனி முதுகு. இவ்வளவு கனத்தைக் கான்வாஸ் தாங்காது, அது தொய்ந்து இறுகும்போது மேலே உள்ளது விரிசல் விடும். இந்தப் படங்கள் எல்லாம் 12 மி.மீ. பிளைவுட்டில், பின்னால் மரச்சட்டம் அடித்தது. திருப்பிப் பார்த்தால் பின்புறமும் முன்புறம் போலவே இரண்டு கை வெள்ளை, நாலு ஓரத்திலும் வெள்ளை. ஒரு பக்கம் மட்டும் அடைத்தால் மறுபக்கம் ஈரம் குடித்து, பலகை அப்பளமாக வளையும். இங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் காற்றை உலர்த்தி மரத்தைச் சுருக்கும். நமக்கு நேர் மாறு. இடவப்பாதி என்கிற ஜூன் மழையும் ஐப்பசி மழையும் இரண்டும் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு உண்டு, மரம் ஊதும், பூஞ்சை பிடிக்கும். ஐஎஸ் 710 முத்திரை போட்ட மரைன் பிளை வாங்கு. ஆணி, ஸ்டேப்பிள் எதுவும் இரும்பாக வேண்டாம், கடல்காற்றில் துரு சாயம் வழியாக வெளியே வரும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 316 திருகு கேள்.

மாட்டும் கணக்கு எளிது. படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 செ.மீ. படம் 120 செ.மீ. உயரம், இழுத்துப் பிடித்த கம்பி மேல் விளிம்பிலிருந்து 8 செ.மீ. கீழே நின்றால், 145 கூட்டல் 60 கழித்தல் 8, ஆக 197இல் கொக்கி. பத்து கிலோவுக்கு மேல் என்றால் கம்பி வேண்டாம், இரண்டு டி வளையம், இரண்டு கொக்கி. ஆளுயர உருவங்களை மட்டும் இங்கே தாழ்த்தி மாட்டியிருக்கிறோம், பாதம் தரைக்கு அருகில் வரட்டும் என்று. கீழ் மூலைகளில் கார்க் துண்டு ஒட்டி, சுவருக்கும் படத்துக்கும் ஒரு விரல் இடைவெளி விடு. நம் ஊர்ச் சுவர் மழையில் வியர்க்கும், ராமபாணப் பூச்சி அங்கேதான் குடியிருக்கும்.

நீ கண்காட்சி வைக்கும் மண்டபத்து டியூப்லைட்டை அணைத்துவிடு. நேர்முகமாக விழும் வெளிச்சத்தில் மணலும் துணியும் தட்டையாகிவிடும். மேலிருந்து 30 டிகிரி சாய்வில் விளக்கு, பெட்டியில் சிஆர்ஐ 90 என்று போட்ட, நிறத்தை உள்ளபடி காட்டும் எல்இடி. தாள் படத்துக்கு வெளிச்சம் 50 லக்ஸ் போதும், எண்ணெய்ப் படம் 200 வரை தாங்கும்.

திறப்பு பெரும்பாலும் வியாழக்கிழமை சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு. குத்துவிளக்கு, பொன்னாடை, பேச்சு எதுவும் இல்லை. கையில் கிளாஸோடு வருகிறார்கள், பார்க்கிறார்கள், போகிறார்கள். விற்றால் பாதிக்குப் பாதி கேலரிக்கு என்பதுதான் பொதுவான வழக்கம். உனக்கு மண்டப வாடகையோடு போகும், அது எவ்வளவோ மேல்.

கண்காட்சியை அக்டோபரில் வைக்கப் போகிறேன் என்றது எனக்குப் பிடிக்கவில்லை. டிசம்பரில் சவேரியார் கோயில் திருநாள் முடியும் வரைக்கும் மழைதான். மாசியில் வை. காற்று உலர்ந்திருக்கும், மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைக்கு வெளியூர்க்காரர்களும் வந்திருப்பார்கள். டெம்போவில் ஏற்றும்போது பபிள் ராப்பை நேரடியாகச் சுற்றாதே, வெயிலில் அக்ரிலிக் இளகி அந்த வட்டம் வட்டமாகப் பதிந்துவிடும். முதலில் கிளாசின் என்கிற வழுவழுப்பான தாள், அதன் மேல் பபிள் ராப், குமிழ் வெளிப்பக்கம்.

முதல் பலகை முடிந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு. முன்பக்கம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், பின்பக்கத்தை அனுப்பு.

அன்புடன்
அண்ணன்