ஃபிளிண்டர்ஸ் தெருவில் இறங்கும் மகளுக்கு

கடலூர்

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். மெல்போர்னில் நீ தினமும் வேலைக்குப் போக இறங்கும் ரயில் நிலையத்துக்கு எதிரே, தேவாலயத்தை ஒட்டி நிற்கும் சிலையைப் படம் பிடித்து அனுப்பி, "யாரப்பா இவர், தெருவுக்கும் நிலையத்துக்கும் இவர் பேர்தான்" என்று கேட்டிருந்தாய். கைப்பேசியிலேயே இரண்டு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். முப்பத்திரண்டு வருடம் நில அளவையில் காலம் கழித்தவனுக்கு, ஒரு கண்டத்தின் கரையையே அளந்தவரை இரண்டு வரியில் முடிக்க மனம் வரவில்லை.

மேத்யூ ஃபிளிண்டர்ஸ் 1774இல் இங்கிலாந்தின் லிங்கன்ஷையரில், டானிங்டன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையும் பாட்டனாரும் அறுவை மருத்துவர்கள். பையனும் அதே தொழிலுக்கு வருவான் என்று வீட்டில் நினைத்திருக்க, அவர் 15 வயதில் கடற்படைக்குப் போய்விட்டார். (நீ கட்டடக்கலை படிக்கப் போகிறேன் என்றபோது நான் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசாதது நினைவுக்கு வருகிறது.) 1795இல் சிட்னிக்கு வந்தவர், ஜார்ஜ் பாஸ் என்னும் கப்பல் மருத்துவரோடு எட்டடிப் படகொன்றில் கரையோரமாகச் சுற்றிப் பழகி, 1798–99இல் அதே நண்பரோடு டாஸ்மேனியாவை முழுவதும் சுற்றிவந்து, அது தனித் தீவுதான் என்று காட்டினார்.

1801இல், 27 வயதில், ‘இன்வெஸ்டிகேட்டர்’ என்னும் கப்பலின் தலைவராகி, ஆஸ்திரேலியாவின் கரை முழுவதையும் வரைபடமாக்கப் புறப்பட்டார். அந்த ஏப்ரலில்தான் ஆன் என்ற பெண்ணை மணந்திருந்தார். மனைவியையும் கப்பலில் அழைத்துப் போக நினைத்ததை மேலிடம் தடுத்துவிட, மூன்று மாத இல்வாழ்க்கையோடு ஜூலையில் கப்பல் ஏறினார்.

அவர் வேலை செய்த முறையை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். இருட்டியதும் கப்பலைக் கரையிலிருந்து விலக்கி நிறுத்துவார். மறுநாள் காலை, முந்தின மாலை எந்த இடத்தில் அளவை விட்டாரோ அங்கேயே வந்து தொடங்குவார், இடையில் ஒரு பாறைகூட விடுபடக் கூடாது என்பதற்காக. கோணங்களைத் தாமே எடுத்து, அன்றைய வேலையை அன்றிரவே வரைபடத்தில் ஏற்றிவிடுவார். கப்பலின் முகம் வடக்கிலோ தெற்கிலோ இருக்கும்போது சரியாக நிற்கும் திசைகாட்டி, கிழக்கிலோ மேற்கிலோ திரும்பியதும் பிசகுகிறது என்பதைக் கவனித்து, அது கப்பலிலுள்ள இரும்பின் வேலை என்று கண்டுகொண்டதும் அவர்தான். பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரித் தோப்பில், அளவைச் சங்கிலி பிடிக்கும் செயின்மேன் அந்த இரும்புச் சங்கிலியைச் சுருட்டி என் முக்காலிக்கு அடியிலேயே வைத்துவிட, பிரிஸ்மாட்டிக் காம்பஸ் என்னும் அளவைத் திசைகாட்டி காட்டிய கோணமெல்லாம் தப்பாகி, ஒரு காலைப்பொழுது முழுவதும் வீணானதை உனக்குச் சொல்லியிருக்கிறேன். அதே இரும்புதான், அதே ஊசிதான். அந்தப் பிழையை ஈடுசெய்யத் திசைகாட்டியின் அருகே செங்குத்தாகப் பொருத்தும் தேனிரும்புத் தண்டுக்குப் பிற்காலத்தில் அவர் பெயரையே வைத்தார்கள்.

வடக்கே கார்ப்பென்டாரியா வளைகுடாவில் கப்பலின் மரம் உளுத்துப்போனது தெரிந்த பிறகும், சிட்னியைச் சேர்ந்த பங்கரீ என்னும் பூர்வகுடி மனிதரின் துணையோடு கண்டத்தைச் சுற்றி முடித்து, 1803 ஜூனில் சிட்னி திரும்பினார். முந்தின ஆண்டு மே மாதமே தந்தை இறந்துவிட்டார் என்ற கடிதம் அங்கேதான் அவர் கைக்குக் கிடைத்தது. ஒரு வருடத்துக்கு மேல், இல்லாத தகப்பனை இருப்பதாக எண்ணிக்கொண்டு கடலில் இருந்திருக்கிறார்.

ஊருக்குத் திரும்ப அவர் ஏறிய வேறொரு கப்பல் வழியில் பவளத் திட்டில் மோதி உடைந்தது. உடன் இருந்தவர்களை மணல்திட்டில் விட்டு, திறந்த படகில் 700 மைலுக்கு மேல் சிட்னிக்கே திரும்பிப் போய், உதவியோடு வந்து மீட்டார். பிறகு 29 டன் கொள்ளளவுள்ள ஒழுகும் சிறுகப்பலில் புறப்பட்டு, அந்த டிசம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் வசமிருந்த மொரீஷியஸில் ஒதுங்கினார். இதற்குள் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் மீண்டும் போர் மூண்டிருந்தது. கையிலிருந்த அனுமதிச்சீட்டோ பழைய ‘இன்வெஸ்டிகேட்டர்’ கப்பலின் பெயருக்கு இருந்தது. அங்கே ஆளுநராக இருந்த தெக்கான், அதே ஆண்டு நம் பக்கத்து ஊரான புதுச்சேரியைப் பெற்றுக்கொள்ள வந்து, ஆங்கிலேயர் ஒப்படைக்க மறுத்ததால் வெறுங்கையோடு போனவர். அந்தக் கசப்பு ஆறாத மனிதர் விசாரித்தார், சந்தேகப்பட்டார்; பின்னர் விருந்துக்கும் அழைத்தார். விடுதலை செய்தால்தான் வருவேன் என்று ஃபிளிண்டர்ஸ் மறுத்துவிட்டார். நியாயம் அவர் பக்கம்தான் என்றாலும், அந்த ஒரு வேளைச் சோற்றைச் சாப்பிட்டிருக்கலாம் என்பது என் எண்ணம். நெப்போலியனே 1806இல் விடுவிக்க ஒப்புதல் தந்தும், தீவின் பலவீனத்தை அறிந்தவர் என்று சொல்லி தெக்கான் அனுப்பவில்லை. ஆறரை ஆண்டுகள் கழித்து, 1810 ஜூனில்தான் விட்டார்கள். கப்பல்களில் உடன் சுற்றிய ‘ட்ரிம்’ என்ற பூனையும் அந்தத் தீவில் காணாமற்போயிற்று. அதைப் பற்றி அவர் உருக்கமாக எழுதிவைத்திருக்கிறார்.

மனைவியை மறுபடி பார்த்தபோது ஒன்பது வருடம் கடந்திருந்தது. 1812இல் ஒரு பெண் குழந்தை பிறந்தது. உடல் நலிந்த நிலையிலும் பயண நூலையும் வரைபடங்களையும் முடித்தார். நூல் வெளிவந்தது 1814 ஜூலை 18. மறுநாள், 40 வயதில், இறந்துபோனார். அந்நிலத்துக்கு ‘ஆஸ்திரேலியா’ என்று பெயரிட விரும்பியும் நூலின் தலைப்பில் அது இடம்பெறவில்லை, அடிக்குறிப்பில்தான் நின்றது. லண்டனில் ரயில் பாதைக்காக மயானத்தைத் தோண்டியபோது, 2019இல், பெயர் பொறித்த ஈயத் தகட்டோடு அவர் சவப்பெட்டி கிடைத்தது. 2024இல் பிறந்த ஊரிலேயே அடக்கம் செய்தார்கள்.

இரண்டு வயதில் அப்பாவை இழந்த அந்தப் பெண்ணின் மகன்தான் எகிப்தில் கீசா பிரமிடை அங்குலம் அங்குலமாக அளந்த ஃபிளிண்டர்ஸ் பெட்ரி. இதைப் படித்ததும் அம்மாவைக் கூப்பிட்டு உரக்க வாசித்துக் காட்டினேன்; அவளோ, உனக்கு அனுப்பிய நாரத்தங்காய் ஊறுகாய் வந்து சேர்ந்ததா என்று முதலில் கேட்டு எழுதச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா