நம் கோத்தகிரி கடைவீதி சங்கத்தின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கிற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு 4 முறை கூடியது. குடியரசு தினத்தில் கொடியேற்றினோம். மாரியம்மன் திருவிழா அன்னதானத்துக்கு வழக்கம்போல அரிசி கொடுத்தோம். சாக்கடையை மழைக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை தூர்வாரினோம்.

மாடி அறையைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சங்கப் பணத்தை எடுத்து நாலு பிள்ளைகள் கம்ப்யூட்டர் தட்ட இடம் பிடித்துக் கொடுத்துவிட்டேன் என்று பேச்சு என் காதுக்கும் வந்தது. தேயிலைத்தூள் கடைக்கு மேலே பல வருடமாகச் சாக்கு அடுக்கிக் கிடந்த அறை அது. ஒழுகின தகரத்தை மாற்றி, இன்வெர்ட்டரும் நெட் கனெக்‌ஷனும் 6 மேஜையும் போட்டோம். ஐப்பசி மழையில் மரம் விழுந்து கோத்தகிரி முழுக்கக் கரண்ட் இல்லாத அன்றும் அங்கே வேலை நடந்தது. வேலைக்காக பெங்களூர் போக இருந்த பிள்ளைகள் இங்கேயே இருக்கிறார்கள், மத்தியானம் கீழே மெஸ்ஸில் சாப்பிடுகிறார்கள், ஸ்வெட்டர் ஜிப் போனால் எதிர்க்கடை டெய்லரிடம் கொடுக்கிறார்கள். சாயங்காலம் பத்தாவது படிக்கிற பிள்ளைகளுக்கு அதுதான் படிக்கிற இடம். இதைத் தப்பென்று யாராவது சொன்னால் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

கீழே கடை, மேலே வீடு என்பதன் அருமை நமக்குப் பழகிப்போய்விட்டது. டெய்லர் கடைக்கு மேலே தனியாக இருக்கும் அம்மா காலையில் எழுந்ததும் கைத்தடி ஊன்றி நடப்பார், பழைய மரத்தளம் என்பதால் டொக் டொக்கென்று கீழே கேட்கும். ஜூலையில் ஒரு நாள் 8 மணி தாண்டியும் சத்தம் இல்லை. டெய்லர் மிஷினை விட்டுவிட்டு மாடிக்கு ஓடினார், அம்மா குளியலறையில் விழுந்து கிடந்தார். இன்று குணமாகி முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

நவம்பரில் கரடி வந்ததும் உங்களுக்குத் தெரியும். பேக்கரி மாடியில் குடியிருக்கும் குடும்பம் விளக்கைப் போட்டுச் சத்தம் போட்டதால் அங்கிருந்து நகர்ந்துவிட்டது. நாலு கடை தள்ளி, மேலே ஆளில்லாத மளிகைக் கடையின் கதவை உடைத்து எண்ணெயைக் குடித்துவிட்டுப் போனது.

போன வருடம் மகளைப் பார்க்க சிங்கப்பூர் போனபோது லிட்டில் இந்தியாவில் இதே மாதிரி வரிசைவீடுகளைப் பார்த்து ரொம்ப நேரம் நின்றேன். கடை முன்னால் ஜனங்கள் நனையாமல் நடக்கக் கூரையோடு வழி விடவேண்டும் என்று 1822லேயே, சிங்கப்பூரை நிறுவிய ஆங்கிலேயர் ராஃபிள்ஸின் நகரத் திட்டத்தில் எழுதியிருக்கிறார்கள், கோவை கலெக்டராக இருந்த சல்லிவன் ஊட்டியில் கல் பங்களா வேலையை ஆரம்பித்த அதே வருடம். 1989ல் அந்த வட்டாரத்தைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாகவே அறிவித்துவிட்டார்கள். நாமோ இருக்கிற மாடிகளைக் காலி செய்துகொண்டிருக்கிறோம்.

இதை வருத்தத்தோடு சொல்கிறேன். கோவைக்குக் குடிபோன சில உறுப்பினர்கள் மாடியை டூரிஸ்டுகளுக்கு நாள் வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். சனி ஞாயிறு தவிர அந்த ஜன்னல்கள் இருட்டுதான். 2024 மே 7ல் ஊட்டிக்கு வருகிற டூரிஸ்ட் வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற ஆன்லைன் அனுமதிச் சீட்டு வந்தபோது, சீசன் என்ன ஆகுமோ என்று பயந்த கடைகளைக் காப்பாற்றியது மழையிலும் இறங்கி வந்து கொத்தமல்லி வாங்குகிற இந்தத் தெருக் குடும்பங்கள்தான். அந்த உறுப்பினர்கள் கூட்டத்துக்கு வருவதில்லை. மாதச் சந்தா 50 ரூபாய், அதிலும் 3 வருடப் பாக்கி. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பார்த்ததாக நீல டிக் விழுகிறது, பதில் இல்லை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அறைக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவானது உண்மை, நன்கொடையில் பாதிக்கு மேல் ஈடுகட்டிவிட்டோம். தலைவர், பொருளாளர், தூய்மைப் பணியாளர்கள், இடம் தந்த கடைக்காரர் எல்லோருக்கும் நன்றி.

அடுத்த வருடமும் செயலாளராக இருக்கச் சொன்னால் இருக்கிறேன், தனியாக அலைய மட்டும் உடம்பு ஒத்துழைக்காது. மலையில் 7 மீட்டருக்கு மேல் கட்ட முடியாது, ஆகவே இருக்கிற மாடிதான் வீடு. ஒரு நர்ஸ் குடும்பமும் ஒரு டிரைவர் குடும்பமும் இந்தத் தெருவில் வீடு தேடுகிறார்கள், ஒழுங்காக வாடகை கொடுப்பார்கள். காலி மாடி சாவி வைத்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள். சந்தா ரசீதுப் புத்தகமும் என் கையில்தான் இருக்கிறது.

செயலாளர்