நின்ன வண்டிக்கு என்ன தண்டன? இன்சூரன்ஸ் ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

ஐதராபாத்ல உக்காந்துருக்குற இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்து தலைவருக்கும் மத்த அதிகாரிங்களுக்கும் கொருக்குப்பேட்டைலேர்ந்து வணக்கம்.

என்னாண்ட இருக்குறது 2017 பிப்ரவரில புதுசா எடுத்த வேகன்ஆர், 998 சிசி. மீட்டர்ல இன்னும் 40 ஆயிரம் கிலோமீட்டர்கூட தாண்டல, ஏன்னா வேலைக்கு நான் ட்ரெயின்ல போறவன், வண்டி வெளிய வர்றது திருவொற்றியூர் கோயிலுக்கும் செங்குன்றத்துல மாமியார் வீட்டுக்கும்தான். ஒரு கிளெய்ம் கெடயாது. கிளெய்ம் போடாம இருந்தா ரினியூவல்ல பிரீமியத்துல கொறைக்கிற நோ கிளெய்ம் போனஸ் 2022லயே 50 பர்சன்ட் வந்துடுச்சு, அதுக்கு மேல யாருக்கும் கெடயாது.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்துச்சு. வீட்டு வாசல்ல நிறுத்துன வண்டிக்குள்ள சீட்டு வரைக்கும் தண்ணி, வடிஞ்சப்புறம் கதவ தொறந்தா கால் வெக்கிற எடமெல்லாம் கறுப்பு சேறு, பசங்களோட ஒத்த செருப்பு அதுல சொருகி நிக்குது. மெக்கானிக் தம்பி போன்லயே கத்துறான், "அண்ணே சாவிய தொட்டுடாத, ஸ்டார்ட் பண்ணி இஞ்சின் போச்சுன்னா ஒத்த பைசா தர மாட்டாங்க"ன்னு. அவன் சொன்னது கரெக்டு, அந்த மாதிரி போன இஞ்சினுக்கு சாதா பாலிசி பேசாது, இஞ்சின் ப்ரொடெக்ட்னு தனியா காசு கட்டிருக்கணும். டோ பண்ணி எடுத்துனு போனோம். பில்லு 41 ஆயிரம், பிளாஸ்டிக் ரப்பருக்கெல்லாம் பாதி தேய்மானம், கட்டாயமா பிடிக்கிற ஆயிரம் எல்லாம் போக வந்தது 26 ஆயிரம். ரூல்ஸ் அதுதான், சண்ட போடல.

சண்ட அடுத்த ரினியூவல்ல. 50 இருந்த எடத்துல ஜீரோ.

போன் பண்ணா கஸ்டமர் கேர் பொண்ணு ரொம்ப மரியாதையா "சிஸ்டம் ஜெனரேட்டட் சார்"ங்குது. பாவம் அது என்னா பண்ணும்.

என் கேள்வி உங்களுக்குத்தான் சார். இந்த போனஸ் வண்டிக்கு கெடயாது, ஓனருக்கு. காரு வித்தாலும் என்கூடவே வரும்னு நீங்கதான் சொல்றீங்க. அப்போ அது நான் எப்படி ஓட்டுறேன்ங்கறதுக்கான மார்க்குதானே? புயல்ல நின்ன எடத்துல முழுகுன வண்டிய வெச்சி எனக்கு எப்படி சார் மார்க்க கொறச்சீங்க? இன்னொருத்தன் எண்ணூர் ரோட்டுல எவனையோ இடிச்சிட்டு போறான், அடிபட்டவங்க தேர்ட் பார்ட்டி கிளெய்ம் போடுறாங்க, இவன் தன் வண்டிக்குன்னு எதுவும் கேக்கல, அவன் போனஸ் அப்படியே இருக்கும். நெனச்சி பாருங்க.

தேர்ட் பார்ட்டி பிரீமியத்துல எனக்கு எந்த சந்தேகமும் இல்ல, 1000 சிசிக்குள்ளன்னா 2,094 ரூபான்னு 2022 ஜூன்லேர்ந்து அரசாங்கமே அறிவிச்ச ரேட்டு, டீக்கடைல உக்காந்து கூட கணக்கு போடலாம். நம்ம வண்டிக்கே ஆவுற சேதத்துக்கு கட்டுற ஓன் டேமேஜ் பிரீமியம்தான் இருட்டு. 2007ல டேரிஃப, அதாவது எல்லா கம்பெனிக்கும் ஒரே மாதிரி இருந்த ரேட்டு பட்டியல, எடுத்துட்டு கம்பெனிங்க கைல விட்டாச்சு. ஆனா பழைய டேரிஃப்ல இருந்த, ரெஜிஸ்டர் பண்ண ஊர வெச்சி ரேட்டு பிரிக்கிற ஜோன் இன்னும் போன பாடில்ல, சென்னை ரெஜிஸ்ட்ரேஷன்னா ஏ ஜோன், திருவள்ளூர்னா பி ஜோன். பழைய புக்கு ரேட்டுப்படி என் வண்டி வயசுக்கு ஏ 3.283 பர்சன்ட், பி 3.191 பர்சன்ட், ரெண்டு லட்சம் மதிப்புக்கு வித்தியாசம் 184 ரூபாதான், அதுக்காக ஒண்ணும் நான் சாகப்போறதில்ல. ஆனா என் மச்சான் திருவள்ளூர் டிஎன் 20 நம்பர் வெச்சினு டெய்லி தண்டையார்பேட்டைல கன்டெய்னர் லாரிங்களுக்கு நடுவுல ஓட்டுறான், அவன் பி. என் வண்டி வாரம் பூரா தெருவுலயே தூங்குது, நான் ஏ. நம்பர் பிளேட்ட பாத்து ரிஸ்க்கு சொல்றது கிளி ஜோசியம் மாதிரி இல்ல?

எவ்ளோ ஓட்டுறோமோ அதுக்கேத்த மாதிரி கட்டுற ஸ்கீமுக்கு 2022 ஜூலைல நீங்களே ஓகே சொன்னீங்க, ஆனா ஆட்-ஆனா, அதாவது பாலிசி மேல தனியா கேட்டு வாங்குற எக்ஸ்ட்ராவா. கம்மியா ஓட்டுறவன் அத தேடிப்புடிச்சி கேட்டு வாங்கணுமா? அடிப்படை ரேட்லயே கிலோமீட்டர சேத்துருங்க. பிரீமியம் நோட்டீஸ்ல எந்த காரணத்துக்கு எவ்ளோ ஏத்துனாங்க, எவ்ளோ கொறச்சாங்கன்னு ரூபா கணக்குல போட சொல்லுங்க. வெள்ளத்துல நின்ன வண்டி கிளெய்ம்முக்கு போனஸ தொடாதீங்க, அதயும் போனஸ் ப்ரொடெக்ட்னு தனி ஆட்-ஆனா விக்காதீங்க, மழை நாங்க வரவெச்சது இல்ல.

நான் மறுபடி 20லேர்ந்து ஏறினு இருக்கேன் சார். 50ஐ தொட 2029 ஆவும், நடுவுல எங்க தெருவுல தண்ணி நிக்காம இருந்தா.