மகள் எஸ்தருக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள மகள் எஸ்தருக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கு நானும் அம்மாவும் சுகம். அங்கு நீயும் சுகமாக இருக்க ஜெபிக்கிறோம். டெல்லியில் டெங்கு என்று செய்தியில் சொல்கிறார்கள். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தாயா? மொட்டைமாடித் தொட்டி மூடியிருக்கிறதா என்று வீட்டுக்காரரிடம் கேள். கூச்சப்படாதே, வாடகை கொடுத்துத்தானே இருக்கிறாய்.

இங்கே பெங்களூரில் மழை விட்டு விட்டுப் பெய்கிறது. சிவாஜி நகர் மாதா கோவிலில் கொடியேற்றிவிட்டார்கள். அந்தப் பக்கம் ஒரே கூட்டம். நம் சபையில் அறுப்பின் பண்டிகைக்கு யார் யார் என்ன காய்கறி கொடுப்பது என்று கமிட்டியில் இரண்டு மணி நேரம் பேசினார்கள். முடிவு வரவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி, மழைக்காலம் அல்லவா. கிறிஸ்துமஸுக்கு வருகிறாயா? 60 நாட்களுக்கு முன்பு டிக்கெட் திறக்கும். தேதி சொன்னால் கர்நாடகா எக்ஸ்பிரஸில் எடுத்துவைக்கிறேன். டெல்லியில் தமிழ் ஆராதனை எங்கே நடக்கிறது என்று போன வருடம் விசாரித்து எழுதியிருந்தேன். போனாயா என்று நான் கேட்கவில்லை.

யெப்தாவைப் பற்றிய உன் கட்டுரையைப் படித்தேன்.

நீ அனுப்பவில்லை. போன ஞாயிறு ஆராதனை முடிந்து, பாடகர் அங்கியை மடித்துக்கொண்டிருந்தபோது உன் ஞாயிறுபள்ளி வாத்தியார் பத்திரிகையைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "உங்கள் மகள் வேதத்தையே குறைசொல்லி எழுதியிருக்கிறாள், பார்த்தீர்களா?" என்றார். பார்த்தேனே என்றேன். பொய்தான். கோல்ஸ் பார்க் பெஞ்சில் உட்கார்ந்து முழுவதும் படித்தேன். போரில் ஜெயித்தால் வீட்டு வாசலில் எதிர்கொண்டு வருவதைத் தகனபலியாக எரித்துக் கொடுப்பேன் என்று கர்த்தருக்குப் பொருத்தனை செய்து, அதாவது நேர்ந்துகொண்டு, எதிரே வந்த மகளுக்கே அதைச் செய்த யெப்தாவின் கதை. தூறல் போட்டது, எழுந்திருக்கத் தோன்றவில்லை.

நல்ல தமிழ், பாப்பா. ஆங்கிலம் கற்பிக்கிற பெண் இப்படித் தமிழ் எழுதுவாள் என்று நான் நினைத்திருக்கவில்லை. 'சர்வாங்க தகனபலி' என்று பழைய மொழிபெயர்ப்பின் சொல்லையே வைத்திருக்கிறாய். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் 'எரிபலி' என்று இருக்கிறது; சுருக்கம்தான், ஆனால் அந்தச் சொல்லில் புகை வரவில்லை. தாத்தாவின் வேதாகமத்தில் எழுத்துக்கூட்டிப் படித்த பிள்ளை என்று தெரிகிறது.

ஒரு பிழை இருக்கிறது. யெப்தாவின் மிஸ்பா கீலேயாத்தில், யோர்தானுக்குக் கிழக்கே இருந்தது. சாமுவேல் ஜனங்களைக் கூட்டிய மிஸ்பா பென்யமீன் நாட்டில். நீ இரண்டையும் ஒரே ஊராக்கிவிட்டாய். விஷயம் தெரிந்தவர்கள் இதைப் பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் தள்ளிவிடுவார்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன்பு என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். 40 வருடமாக வேதபாடம் வாசிக்கிற மனிதன் வீட்டில் இருக்கிறானே என்று தோன்றவில்லையா?

ஆபிரகாம் பலியிடப்போன மகன் ஈசாக்குக்குப் புதரில் ஆட்டுக்கடா இருந்தது, திருச்செங்காட்டங்குடியில் சிறுத்தொண்டர் அழைத்ததும் அவர் அடியாருக்காக அறுத்த மகன் சீராளன் ஓடிவந்தான், யெப்தாவின் மகளுக்கு மட்டும் யாரும் வரவில்லை, அவளுக்குப் பெயர்கூட இல்லை என்று எழுதியிருக்கிறாய். வாத்தியாருக்குக் கோபம், பெரியபுராணத்தையும் வேதத்தையும் ஒரே வரியில் வைத்துவிட்டாய் என்று. எனக்கு அந்தக் கோபம் இல்லை. உன் தாத்தா திண்ணையில் இரண்டையும் படித்தவர். எனக்கு வந்த கோபம் வேறு. நீ யாரை நினைத்து அதை எழுதினாய் என்று எனக்குத் தெரியும்.

மறுத்து எழுதவேண்டும் என்றுதான் மில்லர்ஸ் சாலையில் யு.டி.சி. இறையியல் கல்லூரி நூலகத்துக்குப் போனேன். மூன்று நாள், மதியச் சாப்பாட்டை டப்பாவில் எடுத்துக்கொண்டு. யெப்தாவின் கதை வருகிற நியாயாதிபதிகள் 11ஆம் அதிகாரத்துக்கு இவ்வளவு உரைகள் இருக்கும் என்று நான் கனவிலும் எண்ணவில்லை.

முதல் நாள் எனக்கு வெற்றி. தாவீது கிம்கி என்று ஒரு யூத உரைகாரர், 12ஆம் நூற்றாண்டில் பிறந்தவர். எபிரெயத்தில் 'வாவ்' என்று ஒரு எழுத்து இருக்கிறதாம். நம் 'உம்' போல இரண்டைச் சேர்க்கும். சில இடங்களில் 'அல்லது' என்றும் பொருள்படும். வாசலில் எதிர்கொண்டு வருவது கர்த்தருக்கு உரியதாகும், அல்லது தகனபலியாகும் என்று படிக்கவேண்டும் என்கிறார். வருவது மனிதர் என்றால் முதலாவது, ஆடுமாடு என்றால் இரண்டாவது. ஆகவே யெப்தா மகளைக் கொல்லவில்லை, தனி வீடு கட்டி, கல்யாணம் இல்லாமல் அதில் இருக்க வைத்தான். எஸ்தருக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று ஓட்டமும் நடையுமாக வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் வெங்காயம் அரிந்துகொண்டே, "தனி வீட்டில் அடைத்துவைத்தால் சரியாகிவிடுமா?" என்றாள். நீ பேசுவது போலவே இருந்தது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. எட்டாம் வகுப்பில் ஏதோ புத்தகத்தில் மோசேயின் சிலையைப் பார்த்துவிட்டு, அப்பா மோசேக்கு ஏன் கொம்பு என்று கேட்டாய். நான் உன்னை முழங்கால் போடவைத்தேன். அந்தச் சிலை ரோமில் மைக்கேலாஞ்சலோ செதுக்கியது. யாத்திராகமம் 34இல் மோசேயின் முகம் பிரகாசித்தது என்று நாம் படிக்கும் இடத்தில், எபிரெய வினைச்சொல்லும் கொம்பு என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து வருகின்றன. லத்தீனில் பெயர்த்த ஜெரோம் கொம்பு என்றே எழுதினார். ஆயிரம் வருடம் கழித்து அது சலவைக்கல்லில் முளைத்துவிட்டது. நீ கேட்டது நல்ல கேள்வி. பதில் தெரியாத கோபத்தில் அடித்த வாத்தியார்களைப் போல நடந்துகொண்டேன்.

இரண்டாம் நாள் ஹேண்டல். நாம் கிறிஸ்துமஸுக்கு அல்லேலூயா பாடுகிறோமே, அதே ஹேண்டல். அவர் 'யெப்தா' என்று ஒரு இசைக்கதை எழுதியிருக்கிறார். 1751இல் அதை எழுதிக்கொண்டிருக்கும்போதே இடது கண் போய்க்கொண்டிருந்தது. கர்த்தரே, உம்முடைய தீர்மானங்கள் எவ்வளவு இருண்டவை என்று ஒரு கோரஸ். அந்த இடத்துக்கு வந்தபோது எழுத முடியவில்லை. கண் காரணமாக நிறுத்துகிறேன் என்று கையெழுத்துப் பிரதியிலேயே குறித்துவைத்தார். பிறகு முடித்து, 1752இல் லண்டனில் பாடினார்கள். அதில் கடைசி நேரத்தில் ஒரு தூதன் வந்து பெண்ணைக் காப்பாற்றிவிடுகிறான். அவளுக்கு இஃபிஸ் என்று ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள். வேதத்தில் அந்தத் தூதன் எங்கும் இல்லை. பாட்டுக் கேட்க வந்தவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவேண்டுமே என்று வரவழைத்திருப்பார்கள். வீட்டில் அதைப் போட்டுக் கேட்டேன். தூதன் பாடுவது இனிமைதான். ஆனால் அந்த இருட்டுக் கோரஸில் பேஸ் குரல்கள் இறங்குகிற இடத்தில் நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

நம் தமிழில் இந்த அதிகாரத்தை முதலில் பெயர்த்தவர் மிஷனெரி சீகன்பால்க். 1719இல் தரங்கம்பாடியில் 36 வயதில் இறந்தபோது பழைய ஏற்பாட்டில் ரூத் வரை முடித்திருந்தார். நியாயாதிபதிகளுக்கு அடுத்ததுதான் ரூத். 'தன் பொருத்தனையின்படி அவளுக்குச் செய்தான்' என்று இன்று நாம் படிக்கும் அந்த இடத்தைத் தமிழில் எழுதிவிட்டு அந்த மனிதர் எப்படித் தூங்கினாரோ.

மூன்றாம் நாள் படித்ததை எழுதத்தான் இவ்வளவும் சுற்றுகிறேன்.

யூதர்களுடைய பழைய உரைகளில் இப்படி ஒன்று இருக்கிறது. யெப்தாவின் பொருத்தனையை அவிழ்க்க வழி இருந்தது. பினெகாஸ் என்ற ஆசாரியன் அப்போது இருந்தான். அவனிடம் போயிருந்தால் போதும். லேவியராகமம் 27இல் அப்படி மீட்க விலையே போட்டிருக்கிறது: பொருத்தனை செய்யப்பட்ட பெண்பிள்ளைக்கு, 5 வயது முதல் 20 வரை, 10 சேக்கல் வெள்ளி. பத்தே சேக்கல், எஸ்தர். ஆனால் யெப்தா, நான் இஸ்ரவேலின் தலைவன், நான் அவனைத் தேடிப் போவதா என்றான். பினெகாஸ், நான் பிரதான ஆசாரியன், படிக்காத அவனிடம் நான் போவதா என்றான். இவர்கள் இருவருக்கும் நடுவில் அந்தப் பெண் அழிந்துபோனாள் என்று உரை முடிகிறது.

புனித வெள்ளியன்று போனை வைத்தது நீ. அதிலிருந்து நீதான் முதலில் அழைக்கவேண்டும் என்று நான் இருந்தேன். அம்மா பேசும்போதெல்லாம் பக்கத்து அறையில் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

எஸ்தர், நான் செய்த பொருத்தனை நீ கேள்விப்பட்டது அல்ல.

1991இல், உனக்கு எட்டு மாதம், மூளைக்காய்ச்சல். டாக்டர் கையை விரித்துவிட்டார். தாழ்வாரத்தில் முழங்கால்படியிட்டு நான் சொன்னது இதுதான்: இந்தப் பிள்ளை பிழைத்தால் ஃபாக்டரி வேலையை விட்டுவிட்டு ஊழியத்துக்குப் போகிறேன். போகிறேன் என்றது நான். உன்னைத் தருகிறேன் என்று நான் சொல்லவே இல்லை. நான்காம் நாள் நீ பால் குடித்தாய். ஐந்தாம் நாள் நான் இரவு ஷிப்டுக்குப் போனேன். வீட்டுக் கடன், சித்தப்பா விஷயம், எதை வேண்டுமானாலும் சொல்லலாம். எனக்குப் பயம். அவ்வளவுதான்.

பத்து வருடம் கழித்துக் கன்வென்ஷன் பந்தலில், பொருத்தனை செய்து நிறைவேற்றாதவர்கள் எழுந்து நில்லுங்கள் என்று பிரசங்கியார் சொன்னார். எழுந்துவிட்டேன். மேடைக்குக் கூப்பிட்டார்கள். மைக்கைக் கையில் கொடுத்ததும், உன்னை இழுத்து முன்னால் நிறுத்தி, இந்தப் பிள்ளையைக் கர்த்தருடைய ஊழியத்துக்குக் கொடுத்திருக்கிறேன் என்று என் வாய் சொல்லிற்று. எல்லோரும் அல்லேலூயா என்றார்கள். நீ அம்மா தைத்த வெள்ளை கவுன் போட்டிருந்தாய். என்ன நடக்கிறது என்று தெரியாமல் சிரித்துக்கொண்டு நின்றாய்.

அதற்குப் பிறகு நீ இலக்கியம் படிக்கப்போகிறேன் என்றபோதும், தூத்துக்குடி சம்பந்தம் நின்றபோதும் நான் என்ன சொன்னேன் என்பதைத் திரும்ப எழுத மாட்டேன். யெப்தா வாசலில் மகளைப் பார்த்ததும் அவளைத்தான் குற்றம் சொல்கிறான், என்னைக் கலங்கப்பண்ணுகிறாய் என்று. வாயைத் திறந்தவன் அவன். எத்தனை முறை அந்த வசனத்தைச் சபையில் நின்று வாசித்திருக்கிறேன், கண்ணில் பட்டதே இல்லை. நீ மூன்றாம் பத்தியிலேயே பிடித்திருக்கிறாய். எபிரெயர் 11இல் விசுவாசத்தில் சிறந்தவர்களின் வரிசையில் யெப்தாவின் பெயரும் இருக்கிறது. அதை உன் கட்டுரை தொடவில்லை, தொட்டிருக்கவேண்டும். இத்தனை நாள் எனக்கு அந்த வசனம்தான் ஆறுதல். இப்போது அவன் பெயரை அங்கே பார்த்தால் எரிச்சல் வருகிறது.

நேற்று இரவு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "தெரியும். ஆஸ்பத்திரியில் சத்தமாகத்தானே ஜெபித்தீர்கள்" என்றாள். பிறகு முழங்காலுக்குத் தைலம் எடுத்துத் தரச் சொன்னாள்.

வாத்தியாரிடம், மிஸ்பாவைத் தவிர எல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். இந்த ஞாயிறு அவர் என் பக்கம் உட்காரவில்லை.

கிறிஸ்துமஸ் டிக்கெட் பற்றி மேலே எழுதியதை விட்டுவிடு. அக்டோபர் 3ஆம் தேதி கர்நாடகா எக்ஸ்பிரஸில் எனக்கு ஒரு டிக்கெட் எடுத்திருக்கிறேன். அம்மாவின் முழங்கால் இரண்டு இரவு தாங்காது. 5ஆம் தேதி காலை புது டெல்லி. வரவேண்டாம் என்றால் அம்மாவிடம் சொல், ரத்து செய்துவிடுகிறேன், காரணம் எழுதவேண்டியதில்லை. வரலாம் என்றால் ஸ்டேஷனுக்கு நீ வராதே, கல்லூரி இருக்கும். மெட்ரோவில் எங்கே இறங்கவேண்டும் என்று மட்டும் எழுது. முறுக்கும் பருப்புப்பொடியும் அம்மா கட்டிக் கொடுப்பாள்.

ஜன்னல் அளவையும் அனுப்பு. கொசுவலையை இங்கேயே தைத்து எடுத்துவருகிறேன்.

அன்புடன்,
அப்பா