நாற்று வேண்டாம், விதை கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை காய்கறி விலை பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியை வாசித்தேன். வீட்டுக்கு வீடு காய்கறி போட வேண்டும் என்று அதில் ஒருவர் சொல்லியிருந்தார். நல்ல பேச்சுதான். ஆனால் எதைப் போடுவது, விதைக்கு எங்கே போவது என்று அவர் சொல்லவில்லை. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

எனக்கு ஊர் மலேசியாவில் சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தை. 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிவிட்டார்கள். பழகிய வாய்க்குப் பழைய பெயர்தான் வருகிறது. இருபத்தொன்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினேன், அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுத்தேன். ரப்பரை அழித்துச் செம்பனை போட்டபோது தொழிலாளர் வரிசை வீடான லயத்தைக் காலி செய்துவிட்டுத் தாமான் என்கிற குடியிருப்புப் பகுதி வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். அந்த வீட்டில் துணி காயப்போட இடம் உண்டு, ஒரு கத்திரிச் செடிக்கு இடமில்லை. மூன்று வருடங்களுக்கு முன் தாமான் ஓரத்தில் சும்மா கிடந்த நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் குடியிருப்பவர்களுக்குக் கொடுத்தார்கள். என் பங்குக்கு இருபதடிக்குப் பத்தடி. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

திறப்பு விழா அன்று ஆளுக்கு ஒரு தட்டு நாற்று கொடுத்தார்கள். மிளகாய், தக்காளி, வெண்டை எல்லாம் கறுப்புத் தட்டில் ஒரே உயரத்தில் நின்றன. படம் பிடித்தார்கள். எல்லாரும் அன்றே நட்டோம். எங்கள் நிலம் அந்தக் காலத்தில் ஈயம் தோண்டிய மணல். பகல் பதினோரு மணிக்கு அதில் வெறுங்காலை வைக்க முடியாது. நாலு மணிக்கு மழை பிடித்தால் பாத்தியே கரைந்து ஓடிவிடும். நிழலில், நாளுக்கு இரண்டு வேளை தண்ணீர் குடித்து வளர்ந்த பிள்ளைகள் அந்த நாற்றுகள். இரண்டு வாரத்தில் முக்கால்வாசி போய்விட்டன. பக்கத்துத் துண்டுக்காரர்கள் கையைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த தடவை எப்போது நாற்று கொடுப்பார்கள்?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விதான் என்னை உறுத்தியது. வெண்டையை யாராவது நாற்று விட்டு நடுவார்களா? வெண்டை, பயற்றங்காய், முள்ளங்கி, பாகல் இவற்றுக்கெல்லாம் வேரைத் தொட்டாலே ஆகாது. எந்த இடத்தில் காய்க்க வேண்டுமோ அந்த இடத்திலேயே விதையை ஊன்றிவிட வேண்டும். கத்திரியும் மிளகாயும்தான் நாற்றங்காலில் இருந்து எழுந்து வரச் சம்மதிக்கும்.

தோட்டத்தில் நாங்கள் யாரிடமும் நாற்று கேட்டதில்லை, விதைதான் கேட்போம். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வீட்டு அவரை, கணக்கு எழுதும் கிராணி வீட்டுப் பாகல், மூன்றாவது லயத்துச் சுரை என்று விதைக்கு வீட்டின் பெயர்தான் பெயர். ஒரு வீட்டில் விதை அற்றுப்போனால் இன்னொரு வீட்டில் இருக்கும். பெண் பிள்ளை வேறு தோட்டத்துக்குக் கட்டிக்கொண்டு போகும்போது சேலைக்கு நடுவில் ஒரு முடிச்சு விதையும் போகும். என் தந்தை தொழிற்சங்கத்தில் இருந்தவர். குடும்பம் உள்ள தொழிலாளி ஒவ்வொருவருக்கும் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் பயிர் வைக்கவோ மாடு மேய்க்கவோ ஒதுக்க வேண்டும் என்று 1933ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது என்பார். கணக்குப் போட்டால் இரண்டாயிரத்து எழுநூறு சதுர அடி. இன்று என் கையில் இருப்பது இருநூறு. அந்தப் பதினாறில் ஒரு பங்கை வைத்துத்தான் என் தாய் ஆறு பிள்ளைகளுக்குக் குழம்பு வைத்தார். சம்பளம் அரிசிக்கும் சீனிக்கும் போகும். காய்க்குக் காசு கொடுத்ததாக எனக்கு நினைவே இல்லை.

விதை எடுப்பதை நான் என் பாட்டியிடம் கற்றேன். கத்திரியை எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாகக் காய்க்கிற செடியில், பூச்சி படாத ஒரு காயைப் பறிக்காமல் விட்டுவிட வேண்டும். யாரும் தெரியாமல் பறித்துவிடாதபடி அதன் காம்பில் பாட்டி சிவப்பு நூல் கட்டுவார். ஊதா நிறம் வெளுத்து, மஞ்சளாகி, தோல் சுருங்கத் தொடங்கும்போது பறித்து, இரண்டு மூன்று நாள் கூரைக்குக் கீழே வைப்பார். பிறகு நாலாகப் பிளந்து தண்ணீரில் போட்டுப் பிசைவார். மிதப்பதெல்லாம் சொத்தை, வடித்து ஊற்றிவிடலாம். அடியில் தங்குவது விதை. அதைச் சாம்பலில் புரட்டி, வெயில் படாத இடத்தில் பழைய துணியில் பரப்புவார். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழக்கூடாது, அதுதான் பதம். அதற்குப் பிறகே புட்டிக்குள் போகும். புட்டியின் அடியில் ஒரு கைப்பிடி வறுத்த அரிசி. இந்த நாட்டின் ஈரத்துக்கு அந்த அரிசி இல்லாவிட்டால் மூன்றே மாதத்தில் விதை பூஞ்சை பூத்துப்போகும். நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன். புட்டியைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைப்பது மட்டும் புதிது.

சாம்பலுக்குத்தான் இப்போது பஞ்சம். எரிவாயு அடுப்பில் சாம்பல் ஏது? வியாழக்கிழமை இரவுச் சந்தையில் குச்சியில் கோத்த இறைச்சியான சத்தே சுடுகிற மலாய்க்காரத் தம்பி எனக்காக ஒரு டின்னில் கரிச் சாம்பலை எடுத்து வைக்கிறான். அதற்கு நான் கொடுப்பது இரண்டு கட்டுக் கீரை. பயற்றங்காய் விதையை அந்தச் சாம்பலில் புதைத்து வைத்தால் வண்டு துளைப்பதில்லை.

கீரை விதையைப் பற்றி ஒரு வார்த்தை. பலர் அதில்தான் ஏமாந்து நிற்கிறார்கள். கீரை விதை கடுகைவிடப் பொடி. அப்படியே தூவினால் ஒரே இடத்தில் குவிந்துவிடும். ரப்பர்ப் பால் எடுக்கும் மங்கு ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்த மங்கு நிறையக் காய்ந்த மணலுக்கு ஒரு சிட்டிகை விதை கலந்து தூவுகிறேன். தூவிய அன்றே எறும்பு வரிசை கட்டிவிடும். அதனால் பாத்தியைச் சுற்றி அரிசிக் குருணையைப் போட்டுவிடுவேன். எறும்பு அதை இழுத்துக்கொண்டு போகும். மூன்று நான்கு நாளில் கீரை முளைத்துவிடும். அதற்குப் பிறகு எறும்புக்கு அதில் வேலை இல்லை.

பாகல், பீர்க்கு விதைகளின் ஓடு கெட்டி. முனையை லேசாக உரசி, ஓர் இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து வைத்தால் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். பழைய விதை என்றால் முதலில் பத்து விதையை எடுத்துத் துணியில் முடிந்து பார்த்துவிடுவேன். ஏழெட்டு முளைத்தால் விதைக்கலாம், மூன்று நான்குதான் என்றால் அந்தப் புட்டி வீண். ஆடி மாதத்தில் மாரியம்மனுக்கு முளைப்பாரி போடும்போதே எந்த வீட்டுத் தானியம் எப்படி முளைக்கிறது என்று கிழவிகள் கண் வைத்துவிடுவார்கள். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று பாட்டி ஊரிலிருந்து கொண்டுவந்த பழமொழி இந்த மழைக்குச் சரியாக ஒத்துவராது. இங்கே ஆடியில் மழை குறைவு, ஐப்பசியில் கொட்டும். அதனால் அவரே அதை மாற்றிக்கொண்டார். பயறும் வெண்டையும் ஆடியில் போடுவார், தண்ணீரைக் கையால் ஊற்றுவார். அடைமழைக் காலத்தில் கத்திரி நாற்றங்காலுக்குத் தென்னங்கீற்றுப் பந்தல் போடுவார்.

கடை விதையைக் குறை சொல்ல நான் வரவில்லை. நானும் வாங்கினேன். ஒரு பொட்டலம் வெண்டை நாலு வெள்ளி (ரிங்கிட்), உள்ளே எண்ணி இருபது விதை, மேலே மருந்து பூசிய சிவப்பு. எல்லாம் முளைத்து நன்றாகத்தான் காய்த்தது. அதிலிருந்து விதை எடுத்து மறுபடி போட்டேன். ஒன்று குட்டை, ஒன்று நெட்டை, ஒன்றில் காய் முள்ளாக இருந்தது. இரண்டு ஜாதியைக் கலந்து உண்டாக்கிய முதல் தலைமுறை விதை அது. அதன் பிள்ளைகள் ஒரே மாதிரி வரமாட்டா என்று என் பேரன் பொட்டலத்தில் இருந்த 'எஃப்1' என்ற எழுத்தைக் காட்டினான். ஒவ்வொரு தடவையும் நாலு வெள்ளி கொடுக்க முடிந்தவர்கள் வாங்கட்டும். பென்ஷனில் இருப்பவர்களுக்கு நாட்டு விதைதான் கட்டுப்படியாகும்.

இதையெல்லாம் இவ்வளவு தெரிந்த நானே ஒரு விதையைத் தொலைத்தேன். எங்கள் லயத்தில் ஒரு வெள்ளைக் கத்திரி இருந்தது. விரல் நீளம், பச்சை வரி ஓடும், எண்ணெயில் போட்டால் வெண்ணெயாகக் கரையும். என் மாமியார் கொண்டுவந்த விதை. வீடு மாறிய சமயம் அரிசி மூட்டையும் கட்டிலும் லாரியில் ஏறின. ஜன்னலில் இருந்த புட்டியை மறந்துவிட்டேன். மறுநாள் போய்ப் பார்த்தபோது லயத்தையே இடித்துவிட்டார்கள். பிறகு கோலா சிலாங்கூர், தஞ்சோங் காராங் சந்தைகளில் எல்லாம் தேடிவிட்டேன். நீள வெள்ளை கிடைக்கிறது, உருண்டைப் பச்சை கிடைக்கிறது. அந்த வரிக் கத்திரி கிடைக்கவில்லை. மாமியார் முகத்தில் நான் எப்படி விழிப்பேன் என்று அன்று அழுதேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, "எந்த வீட்டிலாவது இருக்கும், கேட்டுப் பார்" என்று மட்டும் சொன்னார். அவரும் இப்போது இல்லை.

இப்போது பயிர் வைத்திருக்கும் நிலமும் எங்களுடையது அல்ல. வருடா வருடம் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். டிசம்பர் வந்தால் வயிற்றில் புளி கரைக்கிறது. மாவும் முருங்கையும் வைக்க மனம் வரவில்லை. மறுபடி காலி செய்யச் சொன்னால் மண்ணையும் வேலியையும் தூக்கிக்கொண்டு போக முடியாது. புட்டியை மடியில் கட்டிக்கொண்டு போகலாம். அதனால்தான் இப்படிக் கெஞ்சிக் கேட்கிறேன்.

காய்கறித் திட்டம் நடத்துகிறவர்களே, விழா வைத்து நாற்றுத் தட்டு கொடுப்பதற்குப் பதிலாக விதையையும், அதை முளைக்க வைக்கத் தெரிந்த ஒரு கிழவியையும் அனுப்புங்கள். எங்கள் ஊரிலேயே பத்துப் பேர் இருக்கிறோம், கூலி வேண்டாம். கோயில் தலைவர்களே, ஆடித் திருவிழாவிலும் பொங்கலிலும் அன்னதானப் பந்தல் ஓரத்தில் ஒரு மேசை போடுங்கள். விதை உள்ளவர்கள் வைக்கட்டும், இல்லாதவர்கள் எடுக்கட்டும். விதை மாற்றிக்கொள்வது சட்டப்படி குற்றம் ஆகுமா என்று ஒருவர் பயந்து கேட்டார். புதிய தாவர வகைகளைப் பாதுகாக்கும் 2004ஆம் ஆண்டுச் சட்டமே, சிறு விவசாயிகள் நியாயமான அளவில் தங்களுக்குள் மாற்றிக்கொள்ள இடம் கொடுத்திருக்கிறது. விற்பனைக்கு இல்லாமல் சொந்தத் தேவைக்குச் செய்வதையும் அது தடுக்கவில்லை. நம்முடைய நாட்டு அவரைக்கு யாரும் உரிமைப் பத்திரம் எழுதவும் இல்லை.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒன்று. போன மாதம் என் பேத்தியின் வகுப்புப் பிள்ளைகள் நால்வர் என் துண்டு நிலத்துக்கு வந்தார்கள். ஆளுக்கு ஐந்து பயறு விதை கொடுத்து, விரலின் முதல் கணு அளவுக்குக் குழி போட்டு ஊன்றச் சொன்னேன். நாலாம் நாள் ஓடி வந்தார்கள். முதுகை வளைத்து மண்ணைத் தள்ளிக்கொண்டு முளை வருவதைப் பார்த்த ஒரு பையன், "பாட்டி, அது மூச்சு விடுகிறது!" என்றான். இன்றுவரை பள்ளி விட்டதும் பையைக்கூட வைக்காமல் தண்ணீர் ஊற்ற வருகிறான்.

என்னிடம் இப்போது பயற்றங்காய், குட்டைப் பாகல், தண்டுக்கீரை, சுரை, நாட்டு வெண்டை விதைகள் இருக்கின்றன. கேட்பவர்களுக்குக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கிறேன். தபால்தலை ஒட்டிய உறையைத் தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பினால் சேர்த்து வாங்கிக்கொள்ள என் மகன் வருவான். பச்சை வரி ஓடும் அந்த வெள்ளைக் கத்திரி யார் வீட்டுக் கொல்லையிலாவது இருந்தால், ஒரே ஒரு முற்றிய காய் போதும். விலை எதுவானாலும் கொடுக்கிறேன். நாற்றங்காலுக்கு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பால்மரம் வெட்டி ஓய்வுபெற்ற ஒரு வாசகி,
பத்தாங் பெர்ஜுந்தை, சிலாங்கூர்.